தலையிடிக்குச் சாட்சி

காய்ச்சலுக்கு வெப்பமானி சாட்சி சொல்லும். எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே படம் சாட்சி சொல்லும். நீரிழிவுக்கு இரத்தமே சாட்சி. தலையிடிக்கு அத்தகைய சாட்சி எதுவும் இல்லை. தலையிடிக்கிறது என்று ஒருவன் சொன்னால் அவன் வாய்ச்சொல்லை நாம் நம்பவேண்டும். அல்லது நம்பாது விடவேண்டும். நம்மிற் பெரும்பாலோர் இரண்டாவதையே செய்து வருகிறோம். நானும் அதைச் செய்தவன். பதினேழாம் வயதிலிருந்து இந்நோயால் வருந்திக்கொண்டே அதைச் செய்தவன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

1981ஆம் ஆண்டு. வலிகாமத்துப் பாடசாலை ஒன்றிலே பத்தாம் வகுப்புக்குத் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். தவணைப் பரீட்சை நாள். பின்வாங்கில் ஒரு மாணவன் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக் கிடந்தான். தட்டி எழுப்பினேன். “சேர், தலை இடிக்குது. வெளிச்சத்தைப் பாக்க ஏலாமல் கிடக்கு” என்றான். “பரீட்சை வந்தால் உனக்குத் தலையிடியும் வந்துவிடும்” என்றேன் நான். வகுப்புச் சிரித்தது. அவன் எழுந்து நின்றான். சிறிது நேரத்தில் வெளியே ஓடிச்சென்று வேலியோரத்தில் வாந்தி எடுத்தான். அப்போதும், வெறுவயிற்றோடு வந்திருக்கிறான், அதுதான் என்று எண்ணினேனே தவிர, அந்த வெறுவயிறே தலையிடியைக் கிளப்பிவிட வல்லது என்பது என் நினைவுக்கு வரவில்லை. அதே கிழமையில் ஒரு நாள், நான் என் அறையின் யன்னல்களை அடைத்துவிட்டு, நெற்றியில் ஈரத்துணி கட்டிப் படுத்திருந்தேன். பாடசாலைக்கு அனுப்பிய விடுமுறைக் கடிதத்தில் “காய்ச்சல்” என்று எழுதினேன். தலையிடி என்று எழுத வெட்கமாயிருந்தது. அதிபர் நம்பமாட்டார் என்று எனக்குத் தெரியும், நானே நம்பாதவனல்லவா?

இந்நோய் எங்கள் வீட்டில் என்னோடு தொடங்கியதன்று. என் தாயார் மாதத்தில் இரண்டு மூன்று நாள், பழஞ்சேலைத் துண்டினால் நெற்றியை இறுகக் கட்டிக்கொண்டு, உள்ளறையிலே சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். அந்நாட்களில் வாளி கிணற்றில் விழும் ஓசைகூடக் கேட்கக் கூடாது. அயலிலே சிலர் “அவவுக்கு வேலைக்கள்ளம்” என்று பேசியதை நான் என் காதாற் கேட்டிருக்கிறேன். பரியாரியார் பித்தம் என்றார். சுக்கு அரைத்து நெற்றியிற் பற்றுப் போடச் சொன்னார். கோயில் ஐயர் நூல் கட்டினார். ஆனால், ஒவ்வொரு முறையும் இடி தொடங்குமுன் அம்மா ஒரு வார்த்தை சொல்லுவார்: “கண்ணுக்கை கருக்குமட்டை தெரியுது.” பனைமட்டையின் இருமருங்கும் வாளின் பற்களைப் போலக் கறுத்து நிற்குமே, அந்தக் கருக்கின் வடிவில் ஓர் ஒளிக்கோடு, பார்வையின் நடுவிலே சிறிதாய்த் தோன்றி, மினுமினுத்து, மெல்ல மெல்ல ஓரத்துக்கு விரிந்து, அரைமணி நேரத்துள் மறைந்துவிடுமாம். அதன் பின்னரே தலையிடி. அச்சொல்லைப் பரியாரியாரும் குறித்துக்கொள்ளவில்லை, ஐயரும் குறித்துக்கொள்ளவில்லை, நாங்களும் கண்டுகொள்ளவில்லை.

இங்கிலாந்திலே 1870இல், ஹியூபேர்ட் ஏரி என்ற வைத்தியர் தம் கண்ணுள் அவ்வப்போது தோன்றி மறையும் ஒரு காட்சியைப் படங்களாக வரைந்து, றோயல் சங்கத்தின் ஏட்டிலே வெளியிட்டார். புகழ்பெற்ற வானியலறிஞர் ஜோர்ஜ் ஏரியின் மகன் அவர். தந்தைக்கும் அக்காட்சி தோன்றுவதுண்டு. அவர் வரைந்த படத்தைப் பல ஆண்டுகள் கழித்து ஒரு நூலிலே கண்டபோது நான் திடுக்கிட்டேன். அது அம்மாவின் கருக்குமட்டையேதான். கோட்டைகளைக் கண்டு வளர்ந்த ஏரிக்கு அது கோட்டை மதிலாகத் தோன்றிற்று. பனைகளிடையே வளர்ந்த அம்மாவுக்குக் கருக்குமட்டையாகத் தோன்றிற்று. 1941இல் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தம் கண்ணிற் படரும் அவ்வடிவத்தை நேரங்குறித்து வரைந்து, மூளையின் பார்வைப் பகுதியிலே ஏதோ ஒரு குழப்பம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் வேகத்தில் நகருகிறது என்று கணக்கிட்டார். 1944இல் அரிஸ்ரைடிஸ் லெயாவோ என்னும் பிரேசில் நாட்டவர், முயலின் மூளைமேற்பரப்பில் மின்செயல் ஒடுங்கிச் செல்லும் அலையொன்று அதே வேகத்தில் ஊர்வதைக் கண்டார். பின்வந்தோர் இரண்டையும் இணைத்துப் பார்த்தனர். எனவே, அம்மா கண்டது பித்தமுமன்று, கற்பனையுமன்று. தம் மூளையில் ஓர் அலை ஊர்ந்து செல்வதையே அவர் கண்டார். கண்டதைச் சரியான உவமையாற் சொல்லவும் செய்தார். இந்நோயுள்ளாருள் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் இம்முன்னறிகுறி தோன்றுவதில்லை. எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆகையால், அம்மாவுக்கு வந்தது வேறு, எனக்கு வருவது வேறு என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன்.

என் நோய்க்குக் காரணம் தேடி நான் அலைந்த கதை நீளமானது, சுருக்கியே சொல்கிறேன். முதலிற் கண் என்றார்கள், மூக்குக்கண்ணாடி போட்டேன். பிறகு பீனிசம் என்றார்கள்; நொச்சி இலை அவித்து வேது பிடித்தேன். சனி முழுக்குத் தவறியதே காரணம் என்றார் ஒரு பெரியவர். பல்லென்று ஒருவர் சொல்ல, குற்றமற்ற கடைவாய்ப் பல்லொன்றையும் பறிகொடுத்தேன். நாவூறு கழித்தார்கள். 2003இல், பாதை திறந்திருந்த காலத்திலே, கொழும்புக்குச் சென்று தலையை ஸ்கான் செய்து பார்த்தேன். ஒன்றும் இல்லை என்றார்கள். கட்டி எதுவும் இல்லையே என்று ஆறுதலடைந்திருக்கவேண்டிய நான் மனம் சோர்ந்துபோனேன். இருபது ஆண்டுகளுக்கு முன் என் மாணவனுக்கு நான் சொன்னதையே இப்போது இயந்திரம் எனக்குச் சொல்லிவிட்டது போலிருந்தது.

பீனிசத்தைப் பற்றி இடையே ஒன்று சொல்லவேண்டும். நம் ஊரிலே நெற்றியும் கண்ணும் நொந்தால் பீனிசம் என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். 2004இல் அமெரிக்காவிலே, பீனிசத் தலையிடி உடையோர் என்று தாமோ தம் வைத்தியரோ கருதியிருந்த ஏறத்தாழ 3,000 பேரை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு 88 பேருக்கு இருந்தது ஒற்றைத் தலையிடியின் இலக்கணமே என்று கண்டார்கள். ஆகவே, இப்பிழை நம்மூருக்கு மாத்திரம் உரியதன்று.

நோயின் பெயரும் நம்மை மயக்குகிறது. ஒற்றைத் தலையிடி என்கிறோம். கிரேக்க வைத்தியர் கேலன் இட்ட பெயருக்குப் பொருள் அரைத்தலை. அதன் சிதைவே இன்றைய மைக்ரேன். சுசுருதர் எண்ணும் 11 சிரரோகங்களுள் அர்த்தாவபேதகம் என்பதும் பாதித்தலையையே குறிக்கும். மூன்று மொழியாரும் ஒன்றையே கண்டிருக்கிறார்கள் என்பது வியப்புத்தான். ஆயினும் இந்நோய் இருபுறமும் வரலாம். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இருபுறமுமே வரும். எனக்கும் இருபுறமும் வந்தபடியால், அப்பெயர் எனக்குப் பொருந்தாது என்று நானே தள்ளிவிட்டேன்.

கடைசியில் என் நோயைக் கண்டுபிடித்தது இயந்திரமன்று. 2011இல், யாழ்ப்பாணத்திலே ஓர் இளம் வைத்தியப் பெண்மணி என்னை எதிரே இருத்தி இருபது நிமிடம் கேள்வி கேட்டார். “எப்பிடி நோகுது சேர்? விண்விண்ணெண்டு தெறிக்குதா, இறுக்கிக் கட்டின மாதிரியா, ஊசியாலை குத்தின மாதிரியா? படியேறினால் கூடுதா? வெளிச்சம் பிடிக்குதா? சத்தம்? வயித்தைப் பிரட்டுதா? எத்தனை மணித்தியாலம் நிக்கும்? வீட்டிலை வேறை ஆருக்கும் இருந்ததா?” முப்பத்தொன்பது ஆண்டுகளில் ஒருவரும் என்னிடம் கேளாத கேள்விகள் அவை. விடை சொல்லிக்கொண்டு போகையிலே நோய்க்கு ஓர் உருவம் பிறப்பதை நானே கண்டேன். சர்வதேசத் தலையிடிச் சங்கம் வகுத்த இலக்கணமும் அதுதான்: 4 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலம் வரை நிற்கும் நோவு; ஒருபுறம் இருத்தல், நாடியோடு தெறித்தல், நடுத்தரமாகவோ கடுமையாகவோ வருத்துதல், நடந்தாற் கூடுதல் என்பவற்றுள் இரண்டு; குமட்டல், அல்லது ஒளியையும் ஒலியையும் பொறாமை; இவ்வாறு ஐந்து முறையேனும் வந்திருத்தல்; வேறு நோயால் விளங்காதிருத்தல். இதிலே இரத்தப் பரிசோதனை எங்கே இருக்கிறது? படம் எங்கே இருக்கிறது? எல்லாம் நோயாளியின் வார்த்தைகள். ஸ்கான், வேறு நோய் இல்லை என்று காட்டும். இந்நோய் உண்டு என்று காட்டாது.

இலக்கியப் பக்கத்திலே தலையிடியைப் பற்றி எழுத நான் துணிந்ததற்குக் காரணம் இதுவே. வேர்ஜீனியா வுல்ஃப் 1926இல் நோயுற்றிருத்தலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காதலைச் சொல்ல ஆங்கிலத்தில் மகாகவிகளின் வார்த்தைகள் காத்திருக்கின்றன; தலை நோவை வைத்தியரிடம் சொல்லப் புகுந்தால் மொழி வறண்டுவிடுகிறது என்பது அவர் முறைப்பாடு. தலையிடியால் பலகாலம் வருந்தியவர் அவர். அவருடைய மொழிக்கு அது உண்மையாயிருக்கலாம். நம் மொழிக்கு உண்மையன்று என்பது என் அபிப்பிராயம். பல்லுக்குக் கொதி, காலுக்கு உளைவு, நாரிக்குப் பிடிப்பு, மூட்டுக்குக் குடைச்சல், வயிற்றுக்குக் குத்து என்று உறுப்புக்கொரு நோவை வைத்துப் பேசுபவர்கள் நாம். தலைக்கு மாத்திரம் இடி, குத்து, பாரம், கிறுதி, தெறிப்பு, விறைப்பு என்று எத்தனையோ சொற்கள் உண்டு. இவை வெறும் அலங்காரமல்ல. விண்விண்ணென்று தெறிப்பது ஒற்றைத் தலையிடி. கயிற்றால் இறுக்கியது போல் இருபுறமும் மந்தமாய் நோவது, மனத்தாலும் தசையாலும் வரும் இறுக்கத் தலையிடி. ஒரு கண்ணின் பின்னே கத்தியாற் குடைவது போல் வந்து, அக்கண் சிவந்து நீர் வடிய, இருக்கவும் படுக்கவும் மாட்டாமல் அறையெங்கும் உலாவச் செய்து, 15 நிமிடம் முதல் 3 மணித்தியாலத்துள் விட்டுப்போவது கொத்துத் தலையிடி. கிழமைக்கணக்காகப் பெரும்பாலும் ஒரே நேரத்துக்கு வரும். முதல் இரண்டுக்கும் படுக்கை உதவும். மூன்றாவதற்குப் பிராணவாயுவைச் சுவாசிக்கக் கொடுக்கவேண்டும். சொல் மாறினால் வைத்தியமும் மாறிவிடுகிறது.

சொற்கள் இருந்தும் அவற்றை நாம் வைத்தியரிடம் கொண்டுபோவதில்லை. கொழும்பிலே என்னைப் பார்த்த வைத்தியர் பண்பானவர். சிங்களமும் ஆங்கிலமும் அறிந்தவர். நான் ஆங்கிலத்திலே கடுமையான தலைநோ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. தமிழாசிரியனாகிய என் சொற்கள் அத்தனையும் வாசலிலேயே நின்றுவிட்டன. எனக்கே இப்படியென்றால், வார்ட்டுச் சிற்றூழியர் ஒருவரை இடையில் நிறுத்தி, அவர் மொழிபெயர்க்கும் ஒற்றைச் சொல்லோடு திரும்பும் கிராமத்துப் பெண்ணின் நிலை என்ன? 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. பெயர்ப்பலகையிலே தமிழ் எழுதப்பட்டுவிட்டது. நோவு எழுதப்படும் துண்டிலே இன்னும் வந்து சேரவில்லை. மானிப்பாயிலே சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டில் வைத்தியம் பார்த்த சாமுவேல் கிறீன், தாம் அமெரிக்கராயிருந்தும் தமிழைக் கற்று, மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கி, நம் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். அவரை நாம் கலைச்சொல்லாக்கத்துக்காகப் புகழ்கிறோம். நோயாளி பேசும் சொல்லும் வைத்தியன் எண்ணும் சொல்லும் ஒன்றாயிருக்கவேண்டும் என்பதற்காக அவரை நினைவுகூர்வது அதனினும் தகும்.

இனிக் காரணம். சைவசித்தாந்த வகுப்பிலே குடத்துக்கு மூன்று காரணம் சொல்லிக்கொடுப்போம்: மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். தலையிடிக்கு இந்தத் தருக்கத்தைப் பொருத்திப் பார்த்தால் குழப்பம் பெரிதும் தெளியும். பரம்பரையாய் வரும் கூருணர்ச்சியுள்ள மூளையே மண். அது அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது. பசி, நித்திரைக் குறைவு, வெயில், பெண்களுக்கு மாதவிலக்கையொட்டிய ஓமோன் வீழ்ச்சி ஆகியவை தண்டசக்கரம். இந்நோய் ஆண்களிலும் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதியாயிருப்பதற்கு ஓமோனே பெருங்காரணம். குயவன் இல்லை. நாமோ மண்ணை விட்டுக் குயவனையே தேடுகிறோம். நாவூறு, செய்வினை, மூளைக்கட்டி என்று ஒவ்வொருவரையும் பிடித்து விசாரிக்கிறோம்.

துணைக்காரணத்திலும் காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை உண்டு. இனிப்புத் தின்றேன், தலையிடித்தது என்பார் பலர். நோவு தோன்றுவதற்குப் பல மணித்தியாலம் முன்னரே மூளையில் நோய் தொடங்கிவிடுகிறது. கொட்டாவி, பிடரி விறைப்பு, இனிப்பின்மேல் அவா, காரணமற்ற எரிச்சல் எல்லாம் அதன் முற்பகுதி. அவ்வாறாயின், இனிப்பு நோயைக் கொண்டுவந்ததா, நோய் இனிப்பைக் கேட்டதா? நான் பத்து ஆண்டு சொக்கிளேற்றைத் தொடாதிருந்தேன். தலையிடிக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை.

இதனினும் பெரிய பிழை குளிசையிலே செய்தேன். நாற்பது வயதுக்குப் பின் என் சட்டைப்பையிலே சில்லறையோடு பரசிற்றமோல் அட்டையும் கிடக்கும். காலைத் தேநீரோடு இரண்டு, மதியம் இரண்டு. வரவர, மாதத்தில் இருபது நாளும் நோவு. இளம் வைத்தியர் என் கணக்கைக் கேட்டுவிட்டு, “சேர், இப்ப உங்கடை தலையிடிக்குக் குளிசையும் ஒரு காரணம்” என்றார். சாதாரண நோக்குளிசையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலப்புக் குளிசைகளையும் ஒற்றைத் தலையிடிக்கென்றே உள்ள சிறப்புக் குளிசைகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கி வந்தால், மருந்தே தலையிடியை வளர்க்கும். தேநீர்க்கடையிலும் குளிசை வாங்கக்கூடிய நம் நாட்டிலே இதை உரத்துச் சொல்லவேண்டும். வைத்தியர் மேற்பார்வையில் நிறுத்தினேன். முதற் பத்து நாள் நரகம். இரண்டு மாதத்தில் இருபது நாள் ஆறு நாளாயிற்று.

வைத்தியம் இல்லாத நோயன்று இது. நோவு முற்றுமுன், தொடக்கத்திலேயே, போதிய அளவு குளிசையைக் குமட்டலுக்குரிய மருந்தோடு எடுப்பது ஒருவகை. 1991இல் வந்த சுமாற்றிப்ரான் இந்நோய்க்கென்றே செய்யப்பட்ட மருந்து, இதயநோயுள்ளாருக்கு ஆகாது. அடிக்கடி வருவோருக்கு நாள்தோறும் எடுக்கும் தடுப்பு மருந்துகள் உண்டு. அவற்றுள் புறோப்பிறனலோல் நெஞ்சு நோய்க்குக் கொடுக்கப்பட்டு, 1966இல் தற்செயலாகத் தலையிடியையும் தணிப்பது தெரியவந்த மருந்து. தொய்வுள்ளார் அதைத் தொடக்கூடாது. 1982இல் கண்டறியப்பட்ட சி.ஜி.ஆர்.பி. என்னும் சிறு புரதத்துணுக்கே நோவைப் பெருக்குகிறது என்று தெளிந்தபின், அதைத் தடுக்கும் ஊசிமருந்துகள் 2018 முதல் வந்துள்ளன; விலை நம் போன்றார்க்கு எட்டாதது. இவற்றுள் எது எவருக்கு ஆகும் என்பதை வைத்தியரே சொல்லவேண்டும்.

பொறுத்திருக்கக் கூடாத தலையிடிகளும் உள. இடிவிழுந்தாற்போல் கணத்தில் உச்சம் தொடுவது. காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வருவது. கைகால் சோர்வோ நாக்குழறலோ உடன்வருவது. தலையில் அடிபட்டபின் வருவது. 50 வயதுக்குமேல் முதன்முறையாக வருவது. இவற்றுக்குப் பற்றும் வேதும் பார்த்திராமல் உடனே வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

ஆசிரிய நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உலகிலே 100 கோடிக்கு மேற்பட்டோரை வருத்தும் நோய் உங்கள் வகுப்பிலே மாத்திரம் இல்லாதிருக்க வழியில்லை. மேசையிலே தலை கவிழ்ந்த பிள்ளையை எழுப்புமுன் காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேளுங்கள். எப்படி நோகிறது என்று கேளுங்கள். பொய் சொல்லுகிற பிள்ளை இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறும்; நோயுள்ள பிள்ளைக்கு உவமை தானாக வரும். இருட்டான மூலையொன்றிலே ஒருமணி நேரம் படுக்கவிடுவதால் பரீட்சைத் திணைக்களம் இடிந்துவிடாது.

சென்ற ஆண்டு முதல் என் பேத்திக்கும் அது தொடங்கிவிட்டது. பன்னிரண்டு வயது. மண் அதே மண். ஒரு கொப்பியிலே திகதி, தொடங்கிய நேரம், முதல்நாள் நித்திரை, சாப்பாடு, எடுத்த குளிசை என்று கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன். முதல் நாள் அவள் தலையிடி என்று ஒரு சொல் மாத்திரம் எழுதிக் கொண்டுவந்தாள். “எப்பிடி இடிச்சது?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “உரலிலை இடிக்கிற மாதிரி இல்லை அப்பப்பா. தோட்டத்திலை இறைப்பு மெசின் வேலை செய்யேக்கை நிலம் அதிருமெல்லே, அந்த மாதிரி” என்றாள். அதை அப்படியே எழுதச் சொன்னேன்.